பங்குனித் திங்களில் பிடித்த இரண்டு ட்ரவுட்

லண்டனுக்குள்ளேயே, ரெயினில் போய் வரக்கூடிய தூரத்தில், வழிகாட்டியோடு ஏரி மீன் பிடிக்கலாமா என்று போன மாதம் ஒரு தம்பி இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார். பிடிக்கலாம் தம்பி. நானே பிடித்திருக்கிறேன். ஆனால் எந்தக் கிழமையில் போகிறீர்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். ஏன் என்று சொல்ல, நான் போன கதையை முழுதாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

அது 1996, மார்ச் மாதக் கடைசி. அப்போது நாங்கள் தோர்ண்டன் ஹீத்தில் இருந்தோம். எனக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. என் மனிசி பத்மாவின் தம்பி சிவா ரொறன்ரோவில் இருந்து ஐந்து நாள் லீவில் வந்திருந்தான்.

சிவா கனடா போன பிறகு பெரிய மீன்பிடிகாரனாகிவிட்டான். ஒவ்வொரு வசந்தத்துக்கும் எல்லை தாண்டி அமெரிக்கப் பக்கத்து ஏரிகளுக்குப் போவான். சம்பளத்துக்கு ஒரு வழிகாட்டி, அவருடைய படகு, அந்த ஏரிகளில் இருக்கிற பாஸ் என்ற அகல வாய் மீன். பிடிப்பான், இரண்டு கையாலும் ஏந்திப் படம் எடுப்பான், திருப்பித் தண்ணீரில் விட்டுவிடுவான். படம் மட்டும் எங்கள் வீட்டுக்கு வரும். பத்மா அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். தேத்தண்ணிக்குப் பால் எடுக்கப் போகிற ஒவ்வொரு முறையும் மச்சானின் பல்லையும் மீனின் வாயையும் பார்த்துவிட்டுத்தான் நான் கதவைத் திறக்கவேண்டும்.

அந்த எரிச்சலில்தான் ஒருநாள் ரெலிபோனில், "இஞ்சையும் ஏரி இருக்கு மச்சான், நீ வா, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் கடலுக்கு இரண்டு மைல் தூரத்தில் பிறந்தவன் நான். ஆனால் சந்தைக் கூடைக்கு வெளியே உயிரோடு ஒரு மீனைக் கண்டதில்லை.

அவன் வரப்போகிறான் என்றதும் வழிகாட்டி தேடினேன். எங்கள் பெற்றோல் நிலையத்துக்கு வரும் கொலின் என்ற வெள்ளைக்காரரின் காரில் எப்போதும் நீளத் தூண்டில்கள் கிடக்கும். முந்தி பஸ் ஓட்டியவர், ஓய்வு எடுத்தபின் ஆட்களை ஏரிக்குக் கூட்டிப்போய்ப் பழக்குகிறார். நாலு மணித்தியாலம், இரண்டு பேர், தூண்டில், சப்பாத்து, ஏரிக்கான ரிக்கெற் எல்லாம் சேர்த்து அறுபது பவுன் என்றார். திங்கட்கிழமை மட்டும்தான் அவருக்கு வசதி. எனக்கும் அன்றைக்குத்தான் ஓஃப். பத்துப் பவுன் முற்பணம் கொடுத்து முடித்துவிட்டேன்.

ஷிப்ட் வேலைக்காரனுக்குக் கிழமை தெரியாது. காலை ஷிப்ட், இரவு ஷிப்ட், ஓஃப், இந்த மூன்றும்தான் தெரியும். சிவா வந்திறங்கிய இரவு பெருமையாக விஷயத்தைச் சொன்னபோது பத்மா பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தத் திங்கள்?" என்றாள்.

"வாற திங்கள்."

முறிக்கிறதை நிறுத்திவிட்டாள். "பங்குனித் திங்கள்" என்றாள்.

வேறு ஊர்க்காரருக்காகச் சொல்கிறேன். பங்குனி மாதத் திங்கட்கிழமைகள் எங்கள் ஆட்களுக்கு அம்மனுடைய நாட்கள். விரதம். மீனும் இறைச்சியும் வீட்டு வாசற்படி தாண்டாது. மற்ற வருடங்களில் பத்மா இதைச் சாதாரணமாகப் பிடிப்பாள். அந்த வருடம் கதை வேறு. அந்தத் திங்களுக்கு அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை காலை, அவளுக்குக் கார் ரெஸ்ற். நாலாம் தரம்.

முதல் மூன்று தரமும் பெயில். மூன்று தரமும் ஒரே காரணம், கண்ணாடி பார்ப்பதில்லை. பக்கத்தில் பரீட்சகர் வந்து ஏறினாலே அவளுக்குப் பயம். ரோட்டை மட்டும் முறைத்துப் பார்த்தபடி ஓட்டுவாள். பின்னால் லொறி வந்தாலும் தெரியாது, யானை வந்தாலும் தெரியாது. இந்த முறை பாஸ் பண்ணாவிட்டால் இரண்டு நட்டம். ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலை ஐந்தரைக்கு அங்கே நிற்கவேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கத்தில் இருந்து பஸ் இல்லை. மாத முடிவுக்குள் லைசென்ஸ் காட்டினால் வேலை, இல்லாவிட்டால் அடுத்த ஆள். மற்றது, ஜூலையில் இருந்து ரெஸ்ற்றுக்கு எழுத்துப் பரீட்சையும் வரப்போகிறது என்று கதை.

"மூண்டு தரமும் நான் விரதம் பிடிக்கேல்லை" என்றாள் பத்மா. "இந்த முறை ஒழுங்காப் பிடிக்கிறன். ரெஸ்ற் முடியுமட்டும் வீட்டுக்கை மீன் வரக்கூடாது. மணமும் வரக்கூடாது. நான் பெயிலானால் உங்களைத்தான் கேப்பன்."

அப்போது சிவாதான் என்னைக் காப்பாற்றினான். "அக்கா, நாங்கள் என்ன மீன் வாங்கவே போறம்? பிடிச்சிட்டுத் திருப்பி விடுறதுதானே இந்த விளையாட்டு. ஒரு செதிலும் வீட்டுக்கு வராது. நான் பொறுப்பு."

"காரும் வராது" என்றாள் பத்மா. எங்கள் பழைய நிசான் காரில்தான் அவள் ரெஸ்ற் எடுக்கவேண்டும். அதைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தாள். ஆக, அந்தத் திங்கட்கிழமை வீட்டில் பத்மா விரதம், நான் விரதம், சிவா விரதம், காரும் விரதம்.

பயண விபரம் இனித்தான். காலை 7.10க்கு தோர்ண்டன் ஹீத்தில் ரெயின். விக்டோரியாவுக்கு அரை மணித்தியாலம். அங்கிருந்து விக்டோரியா லைனில் வடக்கே டொட்டன்ஹாம் ஹேல், இருபத்தைந்து நிமிடத்துக்குள். ஸ்ரேசனில் இருந்து, ஏரி என்று நான் சொன்ன நீர்த்தேக்கங்களுக்கு நடை, கால் மணித்தியாலம். மீன்பிடி லைசென்ஸ் தனியாக எடுக்கவேண்டும், தபால் கந்தோரில் சனிக்கிழமையே எடுத்துவிட்டோம். சாப்பாட்டுக்குப் பத்மா பிட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கட்டித் தந்திருந்தாள். விரதச் சாப்பாட்டோடு மீன் பிடிக்கப் போனவர்கள் லண்டனில் எங்களுக்கு முதல் யாரும் இருந்திருப்பார்களா என்று தெரியாது.

தண்ணீரைக் கண்டதும் எனக்கு வாய் மூடவில்லை. அத்தனை வருடம் லண்டனில் இருந்தும், வீட்டுக் கூரைகளுக்கும் மின்சாரக் கம்பங்களுக்கும் நடுவில் இவ்வளவு தண்ணீர் படுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கரையோரம் புல் பச்சை. மரங்களில் மொட்டு. ஒரு நீர்க்காகம் செட்டையை விரித்துக்கொண்டு, ஈர உடுப்புக் காயப்போட்ட மாதிரி நின்றது. காற்று மட்டும் இன்னும் மாசி மாதத்திலேயே நின்றது.

கொலின் வாசலில் காத்திருந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். சிவா எடுத்த எடுப்பில் பாஸ் இருக்குமா என்று கேட்டான். "இந்த நாட்டில் பாஸ் கடலில் இருக்கும். இங்கே ட்ரவுட், நன்னீர் மீன்" என்றார் கொலின். "வசந்தத்தில் கரையை விட்டுத் தூரம் போகாது. தூரம் எறிகிறவன் வெறுங்கையோடு போவான்."

சிவா தூரம் எறிகிறவன். அதனால் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ரிக்கெற்றை நீட்டியபடி கொலின் விதிகளைச் சொன்னார். ஆளுக்கு இரண்டு மீன். பிடித்த ட்ரவுட்டைத் திருப்பித் தண்ணீரில் விடக்கூடாது. அந்த இடத்திலேயே அடித்து, வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும்.

நான் சிவாவைப் பார்த்தேன். சிவா நீர்க்காகத்தைப் பார்த்தான்.

"மச்சான்" என்றேன், "ஆர் பொறுப்பெண்டு சொன்னவன்?"

"கனடாவிலை இப்பிடி இல்லை அத்தான்."

"இது கனடா இல்லை. உன்ர அக்கா வீட்டிலை நிக்கிறா."

"அப்ப பிடியாமல் விடுவம்."

"அறுபது பவுன் குடுத்துப் பிடியாமல் விடுறதோ?"

கொலின் எங்களுக்குள் ஏதோ குடும்பப் பிரச்சினை என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி நின்றார். கடைசியில் சிவா, தான் பிடித்தால் அதற்குத் தானே வழி பார்ப்பதாகச் சொன்னான். நான் பிடிக்கப்போவதில்லை என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகம் இல்லை. என் திறமையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

இந்த ட்ரவுட் தூண்டில் நாங்கள் நினைக்கிற புழு போட்டுக் குந்தியிருக்கிற தூண்டில் இல்லை. பத்தடி நீளம், ஈர்க்கு மாதிரி வளையும். நுனியில் இறகால் கட்டிய பூச்சி. கையை மணிக்கூட்டில் பத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஆட்டவேண்டும் என்றார் கொலின். நான் ஆறுக்கும் ஆறுக்கும் நடுவில் ஆட்டினேன். முதல் எறியில் புல்லைப் பிடித்தேன். இரண்டாவதில் என் தொப்பி. மூன்றாவதில் என் முதுகிலேயே கோட்டைப் பிடித்தேன். கொலின் பொறுமையாக வந்து கழற்றிவிட்டுச் சொன்னார், "கோட்டுப் பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. காசை மிச்சம் பிடித்திருக்கலாம்."

சிவா அந்தப் பக்கம் அழகாக எறிந்துகொண்டிருந்தான். நூல் அவனுக்குப் பின்னால் வளைந்து, முன்னால் விரிந்து, நடு ஏரியில் போய் விழும். பார்க்க ஆசையாக இருக்கும். மீன் மட்டும் வராது.

எனக்கு அவ்வளவு தூரம் போகாது. பூச்சி என் காலடியில் இருந்து நாலு முழத்தில் தொப்பென்று விழுந்தது. கை நொந்துவிட்டது, பிட்டுச் சாப்பிடலாம் என்று நூலை மெதுவாக இழுத்தேன். யாரோ நூலின் அந்தப் பக்கத்தைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. தூண்டில் வளைந்தது. தண்ணீருக்கு மேலே வெள்ளியாக ஒன்று பாய்ந்தது.

அந்த நேரம் எனக்குப் பங்குனியும் இல்லை, திங்களும் இல்லை. "சிவா, சிவா" என்று நான் கத்தியது மச்சானையா கடவுளையா என்று எனக்கே தெரியாது. கொலின் "விடு, ஓட விடு, இப்போ இழு" என்று பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடமாவது இருக்கும். வலையில் வந்தபோது பார்த்தால் இரண்டு இறாத்தலுக்கு மேலே. முதுகெல்லாம் புள்ளி, விலாவில் ஊதாவும் சிவப்பும் கலந்த ஒரு பட்டை. நாற்பத்தொரு வயதில் எனக்கு அப்படி ஒரு சந்தோசம் வந்ததில்லை, கலியாணத்தன்றும் வரவில்லை. கொலின் ஒரு குட்டிப் பொல்லால் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். மீனுக்குக் கடைசிச் சடங்கு செய்வதால் அந்தப் பொல்லுக்கு ஆங்கிலத்தில் பாதிரியார் என்று பெயராம்.

பொல்லுச் சத்தத்தோடு எனக்குப் பத்மா ஞாபகம் வந்தது.

இனிப் பிடிக்கவே கூடாது என்று முடிவெடுத்து, வேண்டுமென்றே இன்னும் கிட்டவாக எறிந்தேன். இருபது நிமிடத்தில் இரண்டாவதும் வந்தது. "இவர் கெட்டிக்காரன்" என்று கொலின் சிவாவிடம் சொன்னார். சிவா நடு ஏரியில் எறிந்துகொண்டே இருந்தான், ஒரு மணி வரைக்கும். ஒன்றும் இல்லை.

பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. கொலினிடமே மீனைக் கொடுக்கலாம் என்று நீட்டினேன். "எனக்கு மீன் சாப்பிடச் சரிவராது. பிடிக்கத்தான் பிடிக்கும்" என்றார். "ஃப்ரீஸர் முழுக்க ட்ரவுட். இன்னொன்றைக் கொண்டுபோனால் மனிசி என்னையும் சேர்த்து உள்ளே வைத்து மூடிவிடுவாள்." எறியலாமா என்றால் மனம் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் பிடித்த முதல் மீன்கள்.

டொட்டன்ஹாம் ஹேல் ஸ்ரேசன் ரெலிபோன் பெட்டியில் சில்லறை போட்டு, வெம்பிளியில் இருக்கும் பாலா அண்ணைக்கு எடுத்தேன். என்னோடு முந்தி வேலை செய்தவர், மீன் தலை என்றால் ரெயின் பிடித்து வருவார்.

"அண்ணை, ரெண்டு நல்ல மீன் இருக்கு, சும்மா தாறன்."

"இண்டைக்கோ?" என்றார். "பங்குனித் திங்கள் தெரியாதே உனக்கு? ரெலிபோனிலை மீனெண்டு கேட்டதுக்கே நான் இனிக் காது கழுவவேணும். வை, வை."

சிவா, அப்டன் பார்க்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தன்னோடு படித்தவனுக்கு எடுத்தான். கடைக்காரனாவது வாங்குவான் என்று. அவன், "மச்சான், நான் மீன் பெட்டியையே சீலையாலை மூடி வைச்சிருக்கிறன். நாளைக்கு வா" என்றான். சில்லறை முடிந்தது.

பத்திரிகைத் தாளில் சுற்றி, பையில் போட்டு, ரெயின் ஏறினோம். விக்டோரியா வரைக்கும் எங்களைச் சுற்றி நல்ல இடவசதி இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு மனிசன் ஒக்ஸ்போர்ட் சேர்க்கஸில் எழும்பி, இறங்காமல், அடுத்த பெட்டிப் பக்கமாக நகர்ந்தார்.

தோர்ண்டன் ஹீத்தில் இறங்கும்போது சிவாவுக்கு ஒரு யோசனை வந்தது. பத்மாவுக்குக் கார் பழக்குகிற மிஸ் இவோன் எங்களுக்கு மூன்று தெரு தள்ளி இருந்தார். ஜமேக்காவில் பிறந்தவர், மீன் என்றால் உயிர். பத்மா ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் வடையோ கட்லற்றோ கொடுத்துவிடுவாள். இவோன் டப்பாவை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பித் தந்ததில்லை. கேக்காவது, வாழைக்காய்ப் பொரியலாவது இருக்கும். இந்த விஷயத்தில் அவரும் எங்கள் ஆள்தான்.

மீனைக் கண்டு இவோன் என்னைக் கட்டிப்பிடித்தார். விரதக் கதையை ஆங்கிலத்தில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியாததால், "நாளைக்கு ரெஸ்ற், அதற்கு ஒரு சின்ன அன்பளிப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கதையைச் சொல்லியிருக்கவேண்டும்.

பத்மா எங்களை வாசலில் மறித்துப் பின்பக்கத் தோட்டத்துக்கு அனுப்பினாள். மார்ச் மாதத்துக் குளிரில், தோட்டக் குழாயில், மஞ்சள் தண்ணீர் வாளியோடு குளிப்பு. எங்கள் பத்து வயது மகள் துளசி ஜன்னலால் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கையைக் காட்டுங்கோ" என்று பத்மா மணந்து பார்த்தாள். "ஒண்டும் பிடிக்கேல்லையோ?"

"சிவா ஒண்டும் பிடிக்கேல்லை" என்றேன். அது முழு உண்மை.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு இவோன் வந்தார். பத்மா விளக்கு வைத்து, டயருக்கு அடியில் தேசிக்காய் வைத்து, அதன் மேல் ஏற்றிக் காரை எடுத்தாள். இவோன் தன் கோட்டையும் ஒரு பையையும் பின் சீற்றில் வைத்ததை நான் கண்டேன். பையில் என்ன என்று யோசிக்கவில்லை. கார் வளைவில் திரும்பிய பிறகுதான் சிவா கேட்டான்.

"அத்தான், ஐஸ்கிரீம் டப்பா இப்ப ஆரிட்டை இருக்கு?"

அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் நாங்கள் இருவரும் முன் ஜன்னலிலேயே நின்றோம். தேத்தண்ணி இரண்டு தரம் ஆறியது.

பத்தேகாலுக்குக் கார் வந்தது. வீட்டு முன்னால் இரண்டு கார்களுக்கு நடுவில், பின்பக்கமாக எடுத்து, ஒரே தரத்தில் நின்றது. கார் பழகுகிறவர்கள் மாட்டுகிற எல் பலகை முன்னால் இல்லை. நான் கதவைத் திறந்து ஓடினேன். பத்மா இறங்கினாள். ஒரு கையில் எல் பலகை, மற்றக் கையில் டப்பா. முகத்தில் சிரிப்பு இல்லை. இவோன்தான் பின்னால் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்கை வாங்கோ ரெண்டு பேரும்" என்றாள்.

வந்தோம்.

"ரெஸ்ற் எடுக்கிற இடத்திலை நிப்பாட்டின உடனை மணந்தது. என்னெண்டு கேட்டன். உம்மட மனிசன் நேற்றுப் பிடிச்ச மீன், உறைப்புப் போட்டுப் பொரிச்சனான் எண்டு இவோன் சொல்லுறா. இறக்கி வைக்க முதல் ரெஸ்ற் எடுக்கிற மனிசன் என்ர பேரைக் கூப்பிட்டுக் கொண்டு வந்து ஏறியிட்டார்."

"பத்மா, நீர் கொஞ்சம்..."

"கதையாதையுங்கோ. நான் முழு வழியும் உங்களுக்கு என்ன சொல்லுறதெண்டு யோசிச்சுக்கொண்டுதான் ஓடினன். பக்கத்திலை ஆள் இருக்கிறதே மறந்துபோச்சு. இடப்பக்கம் திரும்பு எண்டார், திரும்பினன். ஒவ்வொரு திருப்பத்திலையும் டப்பா சரிஞ்சு மூடி கழண்டிடுமோ எண்டு கண்ணாடியிலை பாத்தன். லைற்றிலை நிண்டாலும் பாத்தன். நிப்பாட்ட முதலும் பாத்தன், எடுக்க முதலும் பாத்தன்." டப்பாவை மேசையில் வைத்தாள். "கண்ணாடி நல்லாப் பாக்கிறீர் எண்டு அந்த மனிசன் சொன்னார்."

சிவாதான் முதலில் சிரித்தான். பிறகு இவோன், என்ன கதை என்று தெரியாமலே சிரித்தார். பத்மா கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சாமி அறைக்குப் போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து, "இனித் திறவுங்கோ" என்றாள். அந்த மீனைப் போல உறைப்பும் உருசியுமாக நான் வேறு மீன் சாப்பிட்டதில்லை. நானே பிடித்தது என்று எல்லோருக்கும் நாலு தரம் சொன்னேன்.

மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குத் துளசியைக் கூட்டிவரப் பத்மாவே காரில் போனாள். பிள்ளை வந்ததும், ஃப்ரிட்ஜில் இருந்த பாஸ் மீன் படத்தைச் சிவா தானாகவே கழற்ற, அந்த இடத்தில் துளசி எல் பலகையை ஒட்டினாள். அடுத்த நாள் அவனை ஹீத்ரோவுக்குக் கொண்டுபோய் விட்டதும் பத்மாதான். வேலையும் கிடைத்தது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. நான் சொன்ன விலைகள் அந்தக் காலத்து விலைகள். விதிகளும் இடத்துக்கு இடம், வருடத்துக்கு வருடம் மாறும். சில ஏரிகளில் திருப்பி விடவேண்டும், சிலவற்றில் விடக்கூடாது, ஆகவே காசு கொடுக்க முதல் கேளுங்கள். மார்ச்சில் இரண்டு சோடி காலுறை போடுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் கட்டாயம் வழிகாட்டி எடுங்கள், முதுகில் கொளுவினால் கழற்ற ஒரு ஆள் வேண்டும். எறியத் தெரியவில்லை என்று வெட்கப்படாதீர்கள், வசந்தத்தில் மீன் கரையில்தான் நிற்கும்.

நாள் குறிக்க முதல் வீட்டில் தொங்குகிற தமிழ்க் கலண்டரைப் பாருங்கள். பார்க்க மறந்து போய், மீனும் கிடைத்து, அடுத்த நாள் வீட்டில் யாருக்காவது கார் ரெஸ்ற்றும் இருந்தால் பயப்படவேண்டாம். மீனைப் பின் சீற்றில், கண்ணாடியில் தெரிகிற மாதிரி வையுங்கள்.